கறையான் தின்ற முதற்பக்கம்

யாழ்ப்பாணத்துக்கு ஆகாய விமானம் வருவதற்கு முன்பே ஆகாய விமானிகள் தெரிவுச் சங்கம் வந்துவிட்டது. சங்கத்துக்கு ஒரு தலைவரும், நான்கு உபதலைவர்களும், மூன்று றப்பர் முத்திரைகளும், எண்பத்திரண்டு பக்கத்தில் ஒரு சட்டப் புத்தகமும் இருந்தன. விமானம்தான் இல்லை. அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை. சொன்னால், தலைவர் சோமசேகர முதலியார் அதற்கும் பதில் வைத்திருந்தார்.

“பறக்கிறது பெரிய காரியமோ? காகமும்தான் பறக்குது. சேர்ட்டிபிக்கற் எடுத்த காகம் ஒண்டை எனக்குக் காட்டுங்கோ பாப்பம்.”

விமானம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் இரண்டு வகை. ‘ஏ’ பத்திரம் வைத்திருப்பவர் தன் ஆசைக்குப் பறக்கலாம். ‘பி’ பத்திரம் வைத்திருப்பவர்தான் ஆட்களையும் தபாலையும் கூலிக்கு ஏற்றிப் பறக்கலாம். அதற்கு நூறு மணி நேரம் பறந்து பழக வேண்டும். எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பும் என்ன செய்கிறதென்று சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்தியரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். கொழும்பில் இதையெல்லாம் பழக்குகிற பள்ளி ஒன்று, 1936ஆம் ஆண்டில், வடமாகாணத்துக்கென்று ஓர் இடத்தை இனாமாக ஒதுக்கியது. வயது இருபத்துநான்குக்குள் இருக்க வேண்டும். வைத்தியப் பரிசோதனை செய்து ஆளைத் தெரிந்தெடுத்து அனுப்புவது சங்கத்தின் வேலை.

சங்கம் அந்த நீண்ட வழியைக் கொஞ்சம் சுருக்கியது. பரிசோதனையில் சித்தியடைந்தவருக்குத் தான் கொடுக்கும் பத்திரத்திலேயே ‘விமானி’ என்று அச்சடித்துவிட்டது. பரீட்சை பாஸ் பண்ணினவனுக்கு மிச்சமெல்லாம் பழக்கத்தில் வரும் என்பது முதலியாரின் கொள்கை.

கொள்கைக்கு வீட்டிலேயே ஒரு தேவை இருந்தது. அவருடைய மகன் தியாகராசாவுக்கு உடுப்பிட்டியில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் வேலாயுதர் மலாயா றெயில்வேயில் முப்பது வருடம் இருந்துவிட்டுப் பென்சனோடு வந்தவர். மாப்பிள்ளை டொக்டர், எஞ்சினியர் என்றால் இங்கே சந்துக்கும் ஒழுங்கைக்கும் ஒருவன் இருக்கிறான், என் மகள் கனகாம்பிகைக்குப் புதுசாக ஏதாவது வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

இதொன்றும் தெரியாமல் விண்ணப்பம் போட்டவன் சீவரத்தினம்.

மருதனார்மடத்துக்குக் கிழக்கே, புகையிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. விடிகாலையில் துலா மிதிப்பான். துலா என்பது கிணற்றுக்குப் பக்கத்தில் தூண்களின் மேல் அச்சில் ஏறியிருக்கும் நீண்ட மரம். அதன் நுனியில் தண்ணீர் அள்ளும் ஓலைப்பட்டை கிணற்றுக்குள் தொங்கும். மரத்தின் மேல் நிற்பவன் கிணற்றுப் பக்கம் நாலடி நடந்தால் பட்டை இறங்கித் தண்ணீர் மொள்ளும். திரும்பி நாலடி நடந்தால் நிறைந்து மேலே வரும். எந்த அடியில் மரம் சாயும் என்பதை உள்ளங்கால் சொல்ல வேண்டும். ஓரடி முந்தினால் அரைப் பட்டைத் தண்ணீர்தான் வரும். ஓரடி பிந்தினால் ஆள் கிணற்றில். சீவரத்தினம் பன்னிரண்டு வயதிலிருந்து அந்த மரத்தில் நடக்கிறவன், ஒருநாளும் விழுந்ததில்லை.

பகலில் அவன் பட்டணத்தில் அப்துல் மஜீதின் மோட்டார் வேலைத்தளத்தில் எஞ்சின் திருத்துவான். நிலத்தில் ஓடும் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிப் பூட்டி, மேலே போகிற ஓர் எஞ்சினின் பின்னால் ஒருமுறையாவது உட்கார வேண்டும் என்ற ஆசை அவனுக்கு வந்திருந்தது. வயது இருபத்துமூன்றும் பத்து மாதமும். இந்த முறை தவறினால் இனி இல்லை.

“ரியூசனுக்குப் போனனியோ?” என்று மஜீத் கேட்டார்.

“என்ன ரியூசன் நானா? உடம்பைப் பாக்கிறதுக்கு ரியூசனோ?” அண்ணன் முறை வைத்து மஜீதை அவன் நானா என்றுதான் கூப்பிடுவான்.

“போய்ப் பார். டொக்டர் செபநாயகத்தின்ரை வளவிலை சனிக்கிழமையிலை நடக்குது.”

போய்ப் பார்த்தான். சங்கத்தின் வைத்திய அதிகாரியான செபநாயகத்தின் வீட்டு வளவில் முப்பது வாலிபர்கள் கண்ணை மூடிக்கொண்டு, குளக்கரைக் கொக்குகள் மாதிரி ஒற்றைக்காலில் வரிசையாக நின்றார்கள். ஒருவன் மாமரத்தடியில் இருந்து, போன வருடம் கொழும்பில் நடந்த பரிசோதனையில் மற்றவர்களின் நாடி எத்தனை தரம் துடித்தது என்பதைச் சத்தமாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தான். சீவரத்தினத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் திரும்பி வந்துவிட்டான். அதுதான் அவன் செய்த முதற்பிழை.

பரிசோதனை நாளன்று அவனை முதலில் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நியாயம் உண்டு. உடம்பு சாய்வதைக் கண் மட்டுமல்ல, காதுக்குள் இருக்கும் சின்னக் குழாய்களும் சொல்லும். மேகத்துக்குள் போன விமானிக்குக் கண் உதவாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு பதினைந்து வினாடி நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். சீவரத்தினம் நின்றான். டொக்டர் தேத்தண்ணி குடிக்க உள்ளே போய், பேப்பரும் வாசித்துவிட்டு வந்தார். அவன் நின்றபடியே நின்றான்.

“எவ்வளவு நேரம் நிண்டவன்?” என்று டொக்டர் எழுதுவினைஞரைக் கேட்டார்.

“ஒன்பது நிமிசம் ஐயா.”

“பிழை. விடை பதினைஞ்சு செக்கன்.”

“ஒன்பது நிமிசத்துக்குள்ளை பதினைஞ்சு செக்கன் இருக்குத்தானே ஐயா?” என்றான் சீவரத்தினம், கண்ணைத் திறக்காமலே.

“கேட்டதுக்கு மேலை எழுதினால் மார்க் இல்லை, தெரியாதோ? காலை இறக்கு. நீ எங்கை படிச்சனீ?”

அடுத்தது பாதரசம். ‘ப’ எழுத்து மாதிரி வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் பாதிக்கு நிற்கும். ஒரு பக்கத்தில் ஊதினால் மறு பக்கத்தில் ஏறும். நாற்பதாம் கோட்டுக்கு ஏற்றி ஒரு நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். உயரத்தில் காற்று மெலிந்துபோகும். நெஞ்சில் பலம் இருக்கிறதா, மனதில் பிடிவாதம் இருக்கிறதா என்று இந்த ஒரு குழாய் இரண்டையும் சொல்லிவிடும். நல்ல கருவி. சீவரத்தினம் இரண்டு நிமிடம் பிடித்தான்.

“உதுவும் பிழை,” என்றார் டொக்டர். “பயணிகளுக்கு உள்ள காத்தையும் நீ இழுத்துப்போடுவாய்.”

கடைசியாக நிறப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் நூற்றுக்கணக்கான வண்ணப் பொட்டுகள். பச்சைப் பொட்டுகளுக்கு நடுவே சிவப்புப் பொட்டுகளால் ஓர் இலக்கம். சிவப்பும் பச்சையும் ஒரே அளவு வெளிச்சம் உள்ளவையாகப் பார்த்து அச்சிட்டிருப்பதால், நிறம் பிரிக்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் இலக்கம் தெரியும். மற்றக் கண்ணுக்கு அது வெறும் குரக்கன் தானியம் பரப்பி வைத்த சுளகு. விமான நிலையத்தில் சிவப்புக் காட்டினால் நில், பச்சை காட்டினால் போ. ஆகவே இந்தச் சோதனையில் தவறினவன் விமானியாக முடியாது.

சீவரத்தினம் முதற்பக்கத்தைப் பார்த்தான். “எட்டு.”

டொக்டர் கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்தார். “பிழை. பன்னிரண்டு.”

“ஆறு.”

“பிழை. எட்டு.”

“இருபத்தொன்பது.”

“பிழை. ஆறு.”

எஞ்சின் தவறி வெடிக்கும்போது எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்கிற காது அவனுக்கு. நான்காம் பக்கத்தில் விளங்கிவிட்டது. “ஐயா, நான் முதல் சொன்ன விடையைத்தான் நீங்கள் பிறகு சொல்லுறியள். புத்தகத்திலை ஒரு பக்கம் குறையுது. முதற்பக்கம் இல்லை.”

எழுதுவினைஞர் மெல்ல இருமினார். “அதைப் போன மாரியிலை கறையான் திண்டது ஐயா.”

“கறையான் திண்டது படத்தை. விடையைத் தின்னேல்லை,” என்றார் டொக்டர். “லண்டனிலை இருந்து வந்த விடை பிழைக்குமோ? எனக்கு இவன்ரை வியாதி விளங்குது. இது ஒரு பக்கம் முந்திப் பாக்கிற கண். ஆகாயத்திலை பொல்லாத ஆபத்து. கொழும்பு வாறதுக்கு முந்தியே கொழும்பைக் கண்டு இறக்கிப்போடுவான்.”

தகுதியற்றவர் என்று எழுதிய தாளில் மூன்று முத்திரையும் விழுந்தன. அவனுக்குப் பின்னால் வந்தவன் தியாகராசா. அவன் புத்தகத்தைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தபடி, பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது என்று பதினாறு பக்கத்துக்கும் ஒரே மூச்சில் ஒப்புவித்தான். ஒன்றும் பிழைக்கவில்லை. டொக்டர் எழுந்து அவனுக்குக் கைகொடுத்தார்.

சீவரத்தினம் அந்தத் தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டான். அவன் கத்தவில்லை, மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதவுமில்லை. எஞ்சின் எங்கே தட்டுகிறதென்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பவன் மாதிரி இருந்தான். அப்படி இருக்கிறவனுக்கு மற்றவர்கள் பயப்பட வேண்டும். சங்கத்தில் யாருக்கும் அது தெரியவில்லை.

மூன்றாம் வாரம் முதலியாரின் கார் மூக்கு நசுங்கி வேலைத்தளத்துக்கு வந்தது. ஓட்டி வந்தவன் தியாகராசா.

“எங்கை தம்பி இடிச்சனீர்?” என்றார் மஜீத்.

“றெயில் கேற்றிலை. உவன் கேற்காரன் கொடியைக் காட்டினவன். போகச் சொல்லுறானெண்டு போனன். பிறகு வந்து பேசுறான்.”

“என்ன கொடி காட்டினவன்?” என்று காரின் அடியிலிருந்து சீவரத்தினம் கேட்டான்.

“கொடிதான். கொடியிலை என்ன கொடி?”

சீவரத்தினம் வெளியே வந்து, எண்ணெய் துடைக்கும் துணிகளில் இரண்டைத் தூக்கிக் காட்டினான். ஒன்று அவனுடைய தங்கையின் பழைய சிவப்புப் பாவாடைத் துண்டு. மற்றது உடுத்துக் கிழிந்த பச்சைச் சாரம். “இதிலை எந்தத் துணியாலை கண்ணாடியைத் துடைக்க? சிவப்பாலையோ?”

“ஏதாலும் துடை. இரண்டும் ஒரு துணிதானே.”

கார் போனபின் மஜீத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அடேய், உவனெல்லோ விமானி!”

“நானா, சட்டப் புத்தகம் உங்களிட்டை ஒண்டு இருக்குமே?”

வேலைத்தளத்தில் அது கால் உடைந்த மேசைக்கு முட்டாக இருந்தது. எண்பத்திரண்டு பக்கத்தையும் எழுதியவர்கள்கூட வாசித்ததில்லை. சீவரத்தினம் இரண்டு நாளில் வாசித்து முடித்தான். நாற்பத்தோராம் விதியில் விரலை வைத்தான். ‘தெரிவான விமானியை மக்கள் முன் உறுதிசெய்யும் நாளில், சங்கத் தலைவரும் வைத்திய அதிகாரியும் அவரது முதற்பயணிகளாக விமானத்தில் ஏறி அமர்தல் வேண்டும்.’ படம் பிடிப்பதற்காக எழுதிய விதி. கொழும்புப் பள்ளி விமானம் அனுப்பும் அந்த நாளுக்குச் சங்கம் ஆட்களைத் தேடியது. விமானத்தின் முன்னாலுள்ள காத்தாடியைக் கையால் சுற்ற ஒருவர், கொடி காட்ட ஒருவர். காத்தாடிக்குப் பக்கத்தில் போக உபதலைவர்களில் யாரும் துணியவில்லை. மஜீதும் சீவரத்தினமும் கூலி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

ஆவணி மாதம், அரியாலையில் கடலேரியோரத்து உவர் நிலத்தில் பந்தல் போட்டார்கள். மேளம், சோடனை, வாழைக்குலை எல்லாம் இருந்தன. உடுப்பிட்டியிலிருந்து வேலாயுதர் இரண்டு காரில் இனசனத்தோடு வந்து முன்வரிசையில் இருந்தார். ஒன்பது மணிக்குத் தெற்கே ஒரு புள்ளி தெரிந்து, பெருத்து, இறங்கியது. விமானத்தின் முன்பக்கம் மூன்று பேர் இருக்கக்கூடிய மூடிய சின்ன அறை. விமானி அதற்குப் பின்னால், வெளியிலே, தலையைக் காற்றில் நீட்டியபடி இருப்பார். இரண்டுக்கும் நடுவே பேசுவதற்கு ஒரு சாண் துவாரம்.

ஓட்டி வந்தவர் கொழும்புப் பள்ளியின் ஆசிரியர் கப்டன் டி வோஸ். சுண்டிக்குளியில் பிறந்த பறங்கியர். தமிழ் யாழ்ப்பாணத்துத் தமிழ்தான். சீவரத்தினம் சக்கரத்துக்கு முன்னால் தடைக்கட்டை வைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, “நீர் ஏன் இந்த இடத்துக்கு எழுதிப் போடேல்லை?” என்று கேட்டார்.

“போட்டனான் ஐயா. ஒன்பது நிமிசத்துக்குள்ளை பதினைஞ்சு செக்கன் இல்லையெண்டு விட்டிட்டினம்.” மடித்த தாளைக் கொடுத்தான்.

கப்டன் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். “முந்திப் பாக்கிற கண்ணோ?”

“நான் உங்களிட்டை ஒண்டுதான் கேக்கிறன். கட்டையை எடுக்க முந்தி, விமானியிட்டைக் கொடி என்ன நிறமெண்டு கேளுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்.”

முதலியார் பேசினார். சங்கத்தின் உழைப்பைப் பற்றி அரை மணி, தன் உழைப்பைப் பற்றி ஒரு மணி. “என்ரை மகனெண்டு நான் பாக்கேல்லை. வேறை பெடியளையும் சோதிச்சுத்தான் என்ரை மகனைத் தெரிஞ்சனாங்கள்,” என்றபோது உபதலைவர்கள் கைதட்டினார்கள். டொக்டர் எழுந்து, “நாங்கள் கண்ணைச் சோதிக்கிறேல்லை, விடையைச் சோதிக்கிறனாங்கள். ஏனெண்டால் கண் ஆளுக்காள் வேறை, விடை ஒண்டு,” என்று விளக்கினார். பிறகு மாலையும் தலைப்பாகையுமாக இருவரும் அறைக்குள் ஏறினார்கள். கதவுக்கு வெளியில்தான் தாழ்ப்பாள். சீவரத்தினம் அதைப் பக்குவமாகப் போட்டான். தியாகராசா கண்ணாடியும் தோல் தொப்பியும் போட்டு விமானியின் ஆசனத்தில் இருந்தான். படம் பிடித்தாயிற்று.

“எஞ்சின் ஓடாமல் உறுதிசெய்யிறது எப்பிடி?” என்றார் கப்டன், ஆசனத்துக்குப் பக்கத்தில் இறக்கையில் ஏறி நின்றுகொண்டு. “சுத்தும், சீவரத்தினம்.”

காத்தாடியைச் சுற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் சுவிச்சை மூடிவைத்து நாலு தரம் மெதுவாகச் சுற்றினால் எஞ்சின் பெற்றோலை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சுவிச்சைத் திறந்து, காத்தாடியின் கத்தியைக் கீழே வலித்து, அதே வீச்சில் பின்னுக்கு விலகிவிட வேண்டும். விலகாதவனுக்குக் கை இருக்காது. அதனால்தான் சுற்றுகிறவன் கண்ணுக்குத் தெரியும்படி சுவிச்சை விமானத்தின் வெளிப்புறத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

எஞ்சின் பிடித்தது. பந்தல் சேலைகள் எழும்பி ஆடின. மேளம் வாசிப்பது தெரிந்தது, கேட்கவில்லை. சீவரத்தினம் சுற்றி வந்து சுவிச்சுக்குப் பக்கத்தில் நின்றான். முன்னால் முப்பது பாக தூரத்தில் மஜீத் பாவாடைத் துண்டில் தைத்த சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தார்.

“தம்பி!” என்று கப்டன் தியாகராசாவின் காதுக்குள் கத்தினார். “அந்தாள் காட்டுற கொடி என்ன நிறம்? சிவப்பெண்டால் நிக்கவேணும். பச்சையெண்டால் கட்டையை எடுத்துவிடுவம், நீர் பறக்கலாம்!”

தியாகராசா கொடியைப் பார்த்தான். குனிந்து, தகப்பன் இருந்த அறையின் துவாரத்தில் வாயை வைத்தான்.

“அப்பு! எத்தினையாம் பக்கம்?”

“பக்கமில்லையடா! கொடியடா, கொடி!”

“கொடி பாடத்திலை இல்லையே அப்பு!” அவன் நிமிர்ந்து, தெரிந்த ஒன்றைச் சொன்னான். “பன்னிரண்டு!”

“பன்னிரண்டெண்டால் பச்சையாத்தான் இருக்கும்!” என்று கப்டன், சீவரத்தினத்துக்குக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கத்தினார். “சீவரத்தினம், கட்டையை எடும்!”

அறைக்குள் இரண்டு முகங்கள் கண்ணாடியில் ஒட்டின. மாலைகள் நசிந்தன. முதலியார் கதவை அடித்தார், உதைத்தார்; டொக்டர் அவருடைய தோளில் ஏற முயன்றார். இருவரும் கத்தினார்கள். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்க வேண்டுமென்றால் பிறந்த நாளிலிருந்து கத்தாத கத்தாகக் கத்த வேண்டும். அப்படித்தான் கத்தினார்கள். துவாரத்துக்குப் பக்கத்தில் நின்ற சீவரத்தினத்துக்கு மட்டும் சொல் சொல்லாகக் கேட்டது. முதலில் கடவுளைக் கூப்பிட்டார்கள். அதை அவன் விட்டான். பிறகு கப்டனைக் கூப்பிட்டார்கள். அதையும் விட்டான். கட்டைக்குக் குனிகிறவன் மாதிரிக் குனிந்து, கையை மட்டும் சுவிச்சில் வைத்துக்கொண்டு, துலாவில் நிற்கிறவன் மாதிரி அந்த அடி வரும்வரை பொறுத்திருந்தான்.

அது வந்தது. சுவிச்சை அமர்த்தினான்.

காத்தாடி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அரியாலை முழுவதும் அமைதி. அந்த அமைதியில் முதலியாரின் குரல் கடலேரியின் அக்கரைவரை போனது.

“—அவனுக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது! பதினாறு நம்பரையும் நான்தான் களவெடுத்துக் குடுத்துப் பாடமாக்கினனான்! டொக்டருக்கும் தெரியும்!”

டொக்டர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். எஞ்சின் நின்றதை அவர் அறியவில்லை. “எனக்கொண்டும் வேண்டாம்!” என்று அதே உயரத்தில் கத்தினார். “நீங்கள் தந்த பசுமாட்டைக் கண்டுக்குட்டியோடை இண்டைக்கே கொண்டந்து கட்டிவிடுறன்!”

ஒரு குழந்தை சிரித்தது. அதன்பிறகு நிலம் முழுவதும் சிரித்தது.

வேலாயுதர் எழுந்தார். முப்பது வருடம் கொடி பார்த்துப் பிழைத்த மனிதர். விமானத்துக்குக் கிட்ட வந்து, மஜீதின் கையிலிருந்த கொடியைக் காட்டி, “தம்பி, இது சிவப்பு,” என்று தியாகராசாவுக்கு மெதுவாகச் சொன்னார். “சிவப்பெண்டால் நிக்கிறது. சம்பந்தமும் நிண்டுது.” போகும்போது தான் அனுப்பிவைத்த மேளத்தையும் வாழைக்குலைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

தாழ்ப்பாளை யாரும் உடனே திறக்கவில்லை. கப்டன் தன் பெட்டியிலிருந்து நிறப் புத்தகத்தை எடுத்தார். முதற்பக்கம் உள்ள புத்தகம். இறக்கையின் மேல் விரித்து வைத்து, அறைக்குள் இருந்த இருவரும் கண்ணாடி வழியே பார்த்திருக்க, சீவரத்தினத்திடம் பதினாறு பக்கத்தையும் கேட்டார். பதினாறும் சரி. பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.

“இவரை நான் கொண்டுபோறன்,” என்றார் கப்டன். “முதலியார், காத்தாடியை மஜீத் சுத்துவார். கட்டையை எடுக்க ஒராள் வேணும். உங்கடை சட்டத்திலை பதினெட்டாம் விதி, விமானம் புறப்படேக்கை சங்கத்து ஆக்களைத் தவிர ஒருத்தரும் சக்கரத்தைத் தொடக்கூடாதாம். இவர்தான் காட்டினவர்.”

உபதலைவர்கள் பந்தலுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள். முதலியார் தலைப்பாகையோடு உவர் மண்ணில் முழங்காலில் ஊர்ந்து, ஒரு கட்டையை இழுத்தார். மற்றதை டொக்டர் இழுத்தார். விமானம் திரும்பி வாலைக் காட்டியபோது காத்தாடிக் காற்று அள்ளியெறிந்த புழுதியில் இருவரும் ஒரே நிறமானார்கள்.

அடுத்த கூட்டத்தில் சங்கம் ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நடந்த அசம்பாவிதத்துக்குக் காரணம் கொடிகளில் இலக்கம் இல்லாமையே. இனிமேல் சிவப்புக் கொடியில் பன்னிரண்டு என்றும் பச்சைக் கொடியில் எட்டு என்றும் எழுதப்படல் வேண்டும். டொக்டர் கொடிக்கும் ரியூசன் தொடங்கினார். வந்து சேர்ந்தவர்கள் நாற்பது பேர்.

சீவரத்தினம் ‘பி’ பத்திரம் எடுக்க இரண்டு வருடம் சென்றது. அதன்பிறகு மாதத்துக்கு ஒருமுறை, கொழும்பிலிருந்து தபாலோடு வடக்கே போகும் விமானம் அரியாலைக்கு மேலால் வரும்போது முதலியார் வீட்டுக்கு நேராகத் தாழும். ஓடு அதிரும், மாடு அறுத்துக்கொண்டு ஓடும். முதலியார் முற்றத்துக்கு ஓடிவந்து, வானத்தைப் பார்த்துக் கையை நீட்டி, வாயில் வந்ததையெல்லாம் கத்துவார்.

பறக்கிற விமானத்தில் எஞ்சினைக் கொஞ்சம் தணித்தால் அது விழுந்துவிடாது. பருந்து சிறகடிக்காமல் மிதப்பது மாதிரி, சத்தமில்லாமல் சிறிது தூரம் வழுக்கிக்கொண்டு போகும். எந்த அடியில் தணிக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒழுங்கையில் சனம் வேலியோரமாக வந்து நின்று, எஞ்சின் தணியும் அந்த நேரத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்.